எஸ்எம்எல்: பிரேசில்–அர்ஜென்டினா கட்டணச் சேவைக்கு மார்க் போட்டால்...

பிரேசிலில் இருந்து அர்ஜென்டினாவுக்குச் சரக்கு போகிறது. விற்பவருக்குச் செலவெல்லாம் ரியாலில். வாங்குபவருக்கு வரவெல்லாம் பெசோவில். ஆனால் பில் மட்டும் டாலரில். வாங்குபவர் பெசோ கொடுத்து டாலர் வாங்குகிறார். அந்த டாலர் அமெரிக்க வங்கி ஒன்றைத் தொட்டுக்கொண்டு சாவோ பாவ்லோவுக்கு வருகிறது. விற்பவர் அதை விற்று ரியாலாக்குகிறார். மாற்றம் இரண்டு தடவை, வங்கி எடுக்கும் மார்ஜினும் இரண்டு தடவை.

இதை ஒரு தடவையாகக் குறைக்க இரு நாட்டு மத்திய வங்கிகளும் சேர்ந்து நடத்தும் சேவைதான் எஸ்எம்எல். பெயருக்கு 'உள்நாட்டு நாணயக் கட்டண முறை' என்று பொருள். ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் அதே மூன்று எழுத்துதான். 2008 அக்டோபர் 3 அன்று ஓட ஆரம்பித்தது. அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலாகி மூன்று வாரம்கூட ஆகாத நேரம். உலகம் முழுக்க டாலர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. திட்டம் அதற்கு முன்பே போட்டதுதான், ஆனாலும் இதைவிடப் பொருத்தமான திறப்பு விழா அமைந்திருக்காது.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பிரேசில் விற்பனையாளருக்கு 5-க்கு 4. அர்ஜென்டினா வாங்குபவருக்கு 5-க்கு இரண்டரை. அர்ஜென்டினா விற்பனையாளருக்கு 1. அந்த ஒன்றும் பணம் போகும் குழாய் நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக மட்டும். குறை குழாயில் இல்லை, அதில் ஓடும் பெசோவில் இருக்கிறது.

பணம் எப்படி நகர்கிறது

அடிப்படை விதி ஒன்றே ஒன்று: பில் விற்பவரின் நாணயத்தில் இருக்க வேண்டும். பிரேசில்காரர் விற்றால் ரியால், அர்ஜென்டினாக்காரர் விற்றால் பெசோ. 'வாங்குபவரின் நாணயத்தில் போடலாமா' என்று கேட்பவர்கள் உண்டு, முடியாது.

அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் இருக்கும் ஒருவர் பிரேசிலில் இருந்து 2,50,000 ரியாலுக்குச் சரக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சேவைக்கு அனுமதி பெற்ற தன் வங்கிக்குப் போய்க் கட்டணத்தைப் பதிவு செய்கிறார். வங்கி அவரிடம் பெசோ எடுத்துக்கொண்டு, தன் மத்திய வங்கிக் கணக்கில் அந்தத் தொகையை விடுகிறது. அர்ஜென்டினா மத்திய வங்கி தகவலை பிரேசில் மத்திய வங்கிக்கு அனுப்புகிறது. அன்றைய கணக்கை இரண்டு மத்திய வங்கிகளும் கழித்துப் பார்த்து, பாக்கி உள்ளவர் மற்றவருக்கு டாலரில் தீர்க்கிறார். பிறகு பிரேசில் மத்திய வங்கி விற்பவரின் வங்கிக்கு ரியாலாகவே தருகிறது. விற்பவர் கணக்கில் விழுவது சரியாக 2,50,000.

விற்பவர் தரப்பில் இதன் அருமை தெரிய வேண்டும் என்றால், டாலர் வழியில் அவர் வழக்கமாகச் செய்வதை நினைத்துப் பார்க்க வேண்டும். டாலர் வந்ததும் வங்கியோடு அந்நியச் செலாவணி ஒப்பந்தம் போட வேண்டும். விகிதத்துக்குப் பேரம் பேச வேண்டும். நடுவில் இருந்த வங்கி முப்பதோ நாற்பதோ டாலரைக் கிள்ளிக்கொண்டது எங்கே என்று தேட வேண்டும், அதற்கேற்பக் கணக்குப் புத்தகத்தில் வித்தியாசம் எழுத வேண்டும். எஸ்எம்எல்லில் செலாவணி ஒப்பந்தமே கிடையாது. உள்ளூர் வாடிக்கையாளர் பணம் போட்டதுபோல வந்து விழும். தனியாக ஏற்றுமதிப் பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறிய தொழிற்சாலைக்கு, மிச்சமாகும் பணத்தைவிட இந்த நிம்மதி பெரிது.

வேகத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பதிவு செய்த அன்றே பணம் வராது. வேலை நாட்கள் சில ஆகும். அதோடு இரு நாட்டிலும் வங்கி திறந்திருக்க வேண்டும். அர்ஜென்டினாவில் மே 25, ஜூன் 20, ஜூலை 9 விடுமுறை. பிரேசிலில் ஏப்ரல் 21, செப்டம்பர் 7, நவம்பர் 15. இவற்றில் ஒன்று வாரக் கடைசியை ஒட்டி வந்தால், ஒரு பக்கம் கடை திறந்து மறுபக்கம் சாத்தியிருக்கும். கார்னிவல் திங்களும் செவ்வாயும் இரண்டு பக்கமுமே சாத்தியிருக்கும். பணம் கிடைத்த பிறகுதான் லாரி கிளம்பும் என்று ஒப்பந்தம் போட்டவர்கள் காலண்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விகிதம்: ஒளிவுமறைவு இல்லை, ஆனால்

எஸ்எம்எல் விகிதம் இரண்டு எண்களின் வகுத்தல்தான். ஒன்று, பிரேசில் மத்திய வங்கியின் 'பிடாக்ஸ்'. காலை 10 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையே நான்கு தடவை வங்கிகளிடம் விலை கேட்டு எடுக்கும் சராசரி. மற்றது, அர்ஜென்டினா மத்திய வங்கி மொத்த வியாபார டாலர் சந்தையில் எடுக்கும் குறிப்பு விகிதம். ஏ 3500 என்ற சுற்றறிக்கை எண்ணால்தான் எல்லாரும் அதைச் சொல்வார்கள். ஒரு டாலர் 5 ரியால், ஒரு டாலர் 1,000 பெசோ என்று உருட்டி வைத்துக்கொண்டால் ஒரு ரியால் 200 பெசோ. யார் வேண்டுமானாலும் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்க்கலாம். டாலர் வழியில் வங்கி சொல்லும் விகிதத்துக்கு இப்படியொரு உரைகல் கைவசம் இருப்பதில்லை.

இதில் ஒரு நெருடல் உண்டு. இரண்டு எண்களும் வெளியான பிறகுதான் அன்றைய எஸ்எம்எல் விகிதம் தெரியும். காலையிலேயே 'இவ்வளவு பெசோதான்' என்று உறுதியாகக் கேட்டால், வங்கி தன் பாதுகாப்புக்கு மார்ஜின் சேர்த்துத்தான் சொல்லும். மத்திய வங்கி விகிதம் என்பது வங்கிகளுக்கும் மத்திய வங்கிக்கும் இடையிலானது; வாடிக்கையாளருக்கு வங்கி என்ன விலை சொல்கிறது என்பது தனிப் பேச்சு. 'எஸ்எம்எல்லில் மார்ஜின் கிடையாது' என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மிச்சம் எவ்வளவு, யாருக்கு

மேலே சொன்ன உருட்டு விகிதங்களிலேயே ஒரு கணக்கு. மார்ஜின்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வங்கியின் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டாலர் வழி: பில் 50,000 டாலர். வாங்குபவரின் வங்கி டாலரை 1,008 பெசோவுக்கு விற்கிறது. அவர் கையை விட்டுப் போவது 5,04,00,000 பெசோ. விற்பவரின் வங்கி டாலரை 4.95 ரியாலுக்கு வாங்குகிறது. அவருக்கு வருவது 2,47,500 ரியால். நடுவில் கரைந்தது வாங்குபவர் பக்கம் 400 டாலர், விற்பவர் பக்கம் 500 டாலர், மொத்தம் 900. வங்கிகள் பணம் அனுப்ப வாங்கும் தந்திக் கட்டணம் தனி.

எஸ்எம்எல் வழி: பில் 2,50,000 ரியால். வாங்குபவரின் வங்கி 1 சதவீதம் வைத்துக்கொள்கிறது. அவர் கட்டுவது 5,05,00,000 பெசோ. விற்பவருக்கு வருவது 2,50,000 ரியால், ஒரு காசு குறையாமல். கரைந்தது 500 டாலர்.

மொத்தத்தில் 400 டாலர் மிச்சம், அதாவது பில்லில் 0.8 சதவீதம். சின்ன லாபத்தில் ஓடும் சரக்குக்கு இது உதறித் தள்ளும் தொகை இல்லை. ஆனால் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள்: விற்பவருக்கு 2,500 ரியால் கூடுதல், வாங்குபவருக்கோ 1,00,000 பெசோ கூடுதல் செலவு. மிச்சம் முழுக்க ஒரு பக்கமே போய்ச் சேர்கிறது. ஆகவே ரொசாரியோவில் இருப்பவர் எஸ்எம்எல்லுக்குச் சம்மதிக்கும் முன் விலையில் அரை சதவீதமாவது குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் தரப்போவதில்லை.

பில் சிறியதாக ஆக ஆக எஸ்எம்எல்லின் கை ஓங்கும். 20,000 ரியால் பில்லில் மார்ஜினைவிட நிலையான கட்டணங்கள்தான் கடிக்கும்: தந்தி, செலாவணி ஒப்பந்தம், இடைநிலை வங்கி. அவற்றில் பெரும்பகுதி இங்கே இல்லை. பத்து லட்சம் டாலருக்கு வியாபாரம் செய்பவருக்கு வங்கியே இறங்கி வந்து மெல்லிய மார்ஜின் தரும். அவருக்கு இந்தச் சேவையால் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கே இடறும்

பெரும்பாலான தொல்லை பணம் அனுப்பும்போது வருவதில்லை, பேப்பர் போடும்போதே விதைக்கப்படுகிறது.

ஒன்று, சரக்குக்கு முன்பே அனுப்பும் முன்மாதிரி பில் (புரோஃபார்மா) டாலரில், கடைசி பில் ரியாலில். விற்பனைப் பிரிவு பழக்கத்தில் டாலர் விலைப்பட்டியல் அனுப்பிவிடும். பேச்சு முடிந்த பிறகு யாராவது 'எஸ்எம்எல்லில் போடலாமே' என்பார்கள். அப்போது எந்த நாள் விகிதத்தில் ரியாலாக்குவது என்று சண்டை. பேச்சைத் தொடங்கும்போதே ரியால் விலை சொல்ல வேண்டும். பிரேசில் பக்க ஏற்றுமதி அறிவிப்பான டியூ-இ, வணிக பில், அர்ஜென்டினா பக்க இறக்குமதிப் பதிவு மூன்றிலும் நாணயம் ஒன்றாக இருக்க வேண்டும். டியூ-இயில் டாலர் என்று போய்விட்டால் திருத்தம் போட்டுவிட்டு அப்புறம்தான் மற்ற வேலை.

இரண்டு, அடையாள எண். பிரேசில் நிறுவனத்தின் சிஎன்பிஜே 14 இலக்கம். தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் முதல் எட்டு இலக்கம் ஒன்றாகவே இருக்கும். அதற்கடுத்த நான்கில்தான் வித்தியாசம். தலைமை அலுவலகத்துக்கு 0001. பில் கிளையின் பெயரில், வங்கிக் கணக்கு தலைமை அலுவலகத்தின் பெயரில் என்று இருந்தால், ரொசாரியோ வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கண்ணில் படாது. பணம் போய்ப் பொருந்தாமல் நின்றால் மறுபடி அனுப்பும் நாளில் விகிதம் வேறாக இருக்கும். ரியால் அதற்குள் ஏறியிருந்தால் நஷ்டம் வாங்குபவர் தலையில். அர்ஜென்டினா பக்கத்து 11 இலக்க குயிட் எண்ணுக்கும் இதே கவனம் வேண்டும்.

மூன்று, லாரி வாடகை. இரு நாட்டுக்கும் இடையே உருகுவாயானா–பாசோ தெ லோஸ் லிப்ரெஸ் பாலம் வழியாகவோ, சாவோ போர்ஜா–சாந்தோ தோமே பாலம் வழியாகவோ சரக்கு லாரியில் போகிறது. பன்னாட்டு வாடகையைப் போக்குவரத்து நிறுவனங்கள் டாலரில்தான் பேசும். விற்பவரே சேருமிடம் வரை வாடகை கட்டும் விற்பனை முறையில் அது பில்லுக்குள் ரியாலாகச் சேர்ந்துவிடும். தொழிற்சாலை வாசலோடு விற்பவர் பொறுப்பு முடிகிறது என்றால், வாடகையும் காப்பீடும் வாங்குபவர் தனியாக டாலரில் கட்ட வேண்டியவை. 'டாலரே தொடவில்லை' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வாடகை பில் வரும்.

நான்கு, வங்கிக் கிளை. அனுமதி பெற்ற வங்கிகளின் பட்டியலை இரு மத்திய வங்கிகளும் வெளியிடுகின்றன. பாங்கோ டோ பிரேசிலும் பாங்கோ நாசியோனும் அதில் உண்டு. பட்டியலில் பெயர் இருப்பதும், கிளையில் இருப்பவருக்கு வேலை தெரிந்திருப்பதும் வேறு வேறு. டாலர் வழியில் வங்கிக்கு வரும்படி அதிகம். எஸ்எம்எல் கேட்டால் 'டாலரிலேயே அனுப்பிவிடலாமே, சுலபம்' என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிளையோடு மல்லுக்கட்டாமல் வெளிநாட்டு வர்த்தகப் பிரிவை நேராகக் கேட்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பில் எந்த நாணயத்தில் இருந்தாலும் மெர்கோசுர் என்ற தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்பின் வரிச் சலுகை ஒன்றுதான். 2017 மே முதல் இரு நாடுகளுக்கிடையே அந்தச் சான்றிதழ் டிஜிட்டலிலும் செல்லும்.

அர்ஜென்டினா பக்கம் ஏன் கசக்கிறது

எஸ்எம்எல்லில் நடந்திருப்பது பெரும்பாலும் ஒருவழிப் போக்குவரத்து. பிரேசிலில் இருந்து தெற்கே போகும் சரக்குக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். வடக்கே வரும் சரக்குக்கு அபூர்வம். காரணம் புரிய ஒரே ஒரு நாளைப் பார்த்தால் போதும்.

அர்ஜென்டினாவின் மென்டோசா மாகாணத்தில் ஒரு பூண்டு ஏற்றுமதியாளர். அந்த மாகாணத்துப் பூண்டின் முக்கிய வாடிக்கையாளர் பிரேசில்தான். அவர் 2023 நவம்பர் கடைசியில், அறுபது நாள் தவணையில், 36,65,000 பெசோவுக்கு எஸ்எம்எல் பில் போட்டிருந்தால், டிசம்பர் 12 அன்று டாலருக்கு சுமார் 366.50 பெசோ என்ற அதிகாரப்பூர்வ விகிதத்தில் அதன் மதிப்பு 10,000 டாலர். மறுநாள் அரசு விகிதத்தை 800-க்குக் கொண்டுபோனது. அதே பில் 4,581 டாலர் ஆகிவிட்டது. சரக்கு சாவோ பாவ்லோ சந்தையில் இருக்கும், பணம் இன்னும் வந்திருக்காது. அந்த வருட டிசம்பரில் அர்ஜென்டினாவின் ஆண்டுப் பணவீக்கம் 211.4 சதவீதம். இப்படிப்பட்ட நாணயத்தில் தவணை பில் போடச் சொன்னால் யார் போடுவார்கள்? பெசோவில் விற்றே தீர வேண்டும் என்றால் கைக்குக் கை பணம், விலை மூன்று நாள் மட்டும் செல்லும் என்று எழுதிக் கொடுப்பது ஒன்றே வழி. அதற்கு டாலர் பில்லே மேல்.

வாங்குபவராக இருந்தாலும் நிம்மதி அரைகுறைதான். ரியால் பில் என்றால் நாணய ஆபத்து முழுக்க அவர் பக்கம் வந்துவிடுகிறது. அர்ஜென்டினா வியாபாரி மனசுக்குள் டாலரில் கணக்குப் போடுபவர். கையில் டாலர் இருந்தால் டாலர் கடனுக்கு அது கவசம். ரியால் கடனுக்கு அவரிடம் கவசம் இல்லை.

அதைவிட முக்கியமானது, எஸ்எம்எல் என்பது பணம் போகும் பாதை, வெளியே விடும் அனுமதி அல்ல. 2019 செப்டம்பரில் செலாவணிக் கட்டுப்பாடு திரும்பி வந்தது. 2022 அக்டோபர் முதல் 2023 டிசம்பர் வரை 'சிரா' என்ற முன் அனுமதி முறை இருந்தது. அதற்குப் பின் 30, 60, 90, 120 நாட்களில் கால் கால் பங்காகத்தான் பெரும்பாலான இறக்குமதிப் பணம் போகலாம் என்று ஆனது. 2024-ல் அது படிப்படியாகச் சுருங்கியது. 2025 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. இந்த வரிசையில் நிற்பவருக்கு எஸ்எம்எல் முன்வரிசை டிக்கெட் இல்லை. பில் போடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று வங்கியிடம் கேட்காமல் விற்பவருக்குத் தேதி வாக்குக் கொடுக்கக் கூடாது.

டாலர் போகவே இல்லை

'டாலருக்குக் குட்பை' என்ற தலைப்பில் இந்தச் சேவையைப் பற்றி எழுதுவது வழக்கம். 2023 ஜனவரியில் இரு நாட்டுக்கும் 'சுர்' என்ற பொது நாணயப் பேச்சு கிளம்பியபோதும் அதே ஆரவாரம். பதினான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்த இந்தக் குழாயை அப்போதும் பலர் கவனிக்கவில்லை. உண்மையில் மத்திய வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது டாலரில்தான். இரு பக்கமும் சமமாக ஓடினால் கழித்ததுபோக மிஞ்சும் டாலர் கொஞ்சமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டுமே ஓடுவதால் கழிக்க ஒன்றுமில்லை. பிரேசிலில் இருந்து 20 லட்சம் டாலர் மதிப்புக்குச் சரக்கும் எதிர்ப்பக்கம் 1 லட்சத்துக்குச் சரக்கும் என்றால், அர்ஜென்டினா மத்திய வங்கி 19 லட்சம் டாலரைக் கையிருப்பில் இருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மத்திய வங்கிகளுக்கிடையிலான பழைய லத்தீன் அமெரிக்கக் கட்டண ஏற்பாடான சிசிஆரோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அதில் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கணக்குத் தீர்ப்பார்கள், மத்திய வங்கிகளின் உத்தரவாதமும் உண்டு. அந்த ஆபத்தைச் சுமக்க விருப்பமில்லாமல்தான் பிரேசில் 2019-ல் அதிலிருந்து வெளியேறியது. எஸ்எம்எல்லில் உத்தரவாதம் என்ற பேச்சே இல்லை. வாங்குபவர் வங்கிக்குப் போகவில்லை என்றால் பணம் இல்லை. புது வாடிக்கையாளரிடம் கடன் காப்பீடோ முன்பணமோ இல்லாமல் எஸ்எம்எல்லை நம்பி லாரி ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பாலம் கடப்பது.

பிரேசில் விற்பனையாளருக்கு ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் 'ஏசிசி'. ஏற்றுமதிக்கு முன்பே செலாவணி ஒப்பந்தத்தின் பேரில் வங்கி தரும் முன்பணம் அது; டாலர் வட்டி என்பதால் உள்நாட்டுக் கடனைவிட மலிவு. எஸ்எம்எல்லில் செலாவணி ஒப்பந்தம் இல்லை, எனவே இந்த முன்பணத்துக்கு ஈடாகக் காட்ட ஒன்றும் இல்லை. பிரேசிலில் மூலதனக் கடனுக்கு என்ன வட்டி என்று தெரிந்தவருக்கு, 0.8 சதவீத மிச்சம் ஒரே மாதத்தில் காணாமல் போகும் என்பதும் தெரியும். ஏசிசி எடுத்து உற்பத்தி செய்யும் தொழிற்சாலை டாலரிலேயே இருப்பது மேல். கைப்பணத்தில் ஓடும் தொழிற்சாலை எஸ்எம்எல்லுக்கு வரலாம்.

வாகனங்களும் உதிரிபாகங்களும்தான் இரு நாட்டு வியாபாரத்தின் முதுகெலும்பு. அதில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளுக்கு இடையே நடப்பது. அவர்கள் கணக்கு டாலரில், தலைமையகத்தோடு. இன்னொரு முக்கியச் சரக்கான கோதுமைக்கு உலக விலையே டாலரில். இந்த இரண்டும் வராத வரை எஸ்எம்எல் சின்னக் கடைக்காரர்களின் பாதையாகவே இருக்கும். அதில் தப்பும் இல்லை.

இதே சேவை பிரேசிலுக்கும் உருகுவேக்கும் இடையே 2014-லும், பராகுவேயோடு 2018-லும் வந்தது. அங்கே சரக்கோடு நிற்காமல் சேவைகளுக்கும் பணம் அனுப்பலாம். நாணயமும் பெசோ அர்ஜென்டினோ அளவுக்கு ஆடாது; உருகுவேயில் இருக்கும் விற்பனையாளர் தன் நாணயத்தில் பில் போடத் தயங்குவதற்கு அவ்வளவு காரணம் இல்லை. மோன்டேவிடியோவில் வாடிக்கையாளர் இருக்கும் பிரேசில் நிறுவனம் பழகிப் பார்க்க அங்கே தொடங்கலாம். முதல் பில்லை 10,000 ரியாலுக்குள் வைத்து, பதிவு செய்த நேரம், வங்கி சொன்ன விகிதம், அன்று மாலை வெளியான எஸ்எம்எல் விகிதம், பணம் விழுந்த நாள் நான்கையும் குறித்துக்கொண்டால், இரண்டாவது பில்லுக்கு வங்கியோடு பேரம் பேசக் கையில் எண் இருக்கும்.